எண்ணிய தீவு, எண்ணாத ஆறு

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இங்கிருந்து சேலம், மதுரை, இராமநாதபுரம் வழியாகப் பாம்பன் போய்ச் சேர நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனாலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் விலங்கியல் படிக்கிற மாணவர்களுக்குப் பாம்பனை ஒட்டிய ஒரு சிறு தீவோடு அவர்கள் அறியாத உறவு ஒன்று இருக்கிறது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் நடுவில் வைத்துச் சொல்லப்படும் அரைநாணிகள் என்ற தொகுதிக்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு பலனோகிளாசஸ். மணலுக்குள் வளை அமைத்து வாழும் மென்மையான புழு அது. தொண்டைப் பகுதியில் செவுள் பிளவுகள் இருப்பதால் பரிணாம வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அது அரிய சாட்சி. அந்தப் புழு கிடைக்கும் இடமாக நம் விலங்கியல் ஆசிரியர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த பெயர், மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவு. அதன் பரப்பு சுமார் 65 ஹெக்டேர். ஒரு நடுத்தர ஏரியின் அளவுதான். உயிரியலாளர்களின் சொர்க்கம் என்று அந்தத் தீவுக்குப் பெயர் வந்தது.

அந்தப் பெயரை அதற்குத் தேடித்தந்தது இயற்கையின் கொடை மட்டும்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி மரங்கள் என்ற செல்வம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் அளவில் உண்டு. குருசடையை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டியது ஒன்றே: அங்கே என்னென்ன வாழ்கிறது என்று மனிதர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள், எண்ணியதை எழுதி அச்சிட்டார்கள், பின்னால் வந்தவர்கள் அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்கள். ஓர் இடத்தைக் காப்பாற்றும் முதல் வேலை எல்லைக்கல் நடுவதோ வேலி போடுவதோ அன்று. விடாமல் எடுக்கப்படும் பதிவேடுதான் அந்த முதல் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம். குருசடையின் நூறாண்டுக் கதை அதற்குச் சான்று. அதற்கு நேர் எதிர்ச்சான்று வெளியூரில் இல்லை. நம் மாவட்டத்தின் ஓரமாகவே, ஒகேனக்கல் வழியாக, காவிரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தீவின் கதையை முதலில் பார்ப்போம். 1885-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் அங்குள்ள கடல் உயிர்களையும் பற்றி 1890-ல் குறிப்புகளை வெளியிட்டார். முத்துச்சிப்பி சில ஆண்டுகளில் கடலடிப் பார்களெங்கும் நிறைந்து கிடப்பதும் வேறு சில ஆண்டுகளில் சுவடில்லாமல் போவதும் ஏன் என்பது அரசின் வருமானக் கேள்வி. அந்தக் கேள்விதான் அறிவியலாளர்களை இந்தக் கடலுக்கு இழுத்து வந்தது. இலங்கையின் முத்துப்பார்களை ஆராய விலங்கியலாளர் ஹெர்ட்மனோடு 1902-ல் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநரானார். அந்தத் துறை குருசடைத் தீவில் ஓர் உயிரியல் ஆய்வு நிலையத்தை நடத்தியது. முத்துச்சிப்பி வளர்ப்புச் சோதனைகளும் அங்கே நடந்தன. கல்லூரிகளுக்கு வேண்டிய மாதிரி உயிர்கள் அந்தக் கரையிலிருந்து போயின. விலங்கியல் மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக அங்கே வந்து, ஓதம் வற்றிய நேரத்தில் முழங்கால் நீரில் நின்று, பாடத்தில் படத்தில் கண்டதை உயிரோடு கண்டார்கள்.

இந்த முயற்சியின் உச்சம் 1927. அருங்காட்சியகத்தின் அப்போதைய கண்காணிப்பாளர் எஃப்.எச். கிரேவ்லி, குருசடைத் தீவின் கரையோர விலங்குகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் அதில் தேர்ந்தவர்களை எழுதச் செய்து, அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். கடற்பஞ்சு முதல் நண்டு வரை, நண்டின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் உயிர் வரை அதில் இடம்பெற்றன. தீவின் தாவரங்களைப் பற்றிய பகுதியை எழுதியவர், இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். இவ்வளவு சிறிய ஒரு நிலத்துக்கு அவ்வளவு விரிவான உயிர்ப்பட்டியல் அந்நாளில் நம் நாட்டில் அரிது. பின்னால் 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் மண்டபத்துக்கு வந்து, 1971-ல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறும் வரை அங்கிருந்தே இயங்கியது. குருசடையில் தொடங்கிய முத்துக் கனவும் வீண்போகவில்லை. 1973-ல் தூத்துக்குடிக் கரையில் அதே நிலையத்தின் ஆய்வாளர் கே. அழகர்சாமியின் குழு வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஒரு சிறு தீவில் பொறுமையாகச் சேர்த்த அறிவு எங்கெங்கோ பயன்பட்டது.

எண்ணிக்கை எதற்குப் பயன்படும் என்பதைக் காலம் இதைவிடக் கடுமையாகவும் காட்டியது. மன்னார் வளைகுடாக் கரையில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் அது படகு படகாகப் போயிற்று. பவளப்பாறை என்பது கல் போலத் தோன்றினாலும் உயிர்களின் கூடு. தீவுக்கு அலைதடுப்புச் சுவரும் அதுவே. சுவர் போனதும் அலை நேரடியாகத் தீவின் மணலைத் தின்றது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் அது சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. காரைச்சல்லித் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேராக இருந்து, அண்மை ஆண்டுகளில் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இந்த எண்கள் கையில் இருந்ததால்தான் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்து, மணலைத் தேக்கும் பணி 2015-ன் இறுதியில் தொடங்கியது. அடுத்து காரைச்சல்லிக்கும் அதே வழியை அரசு தேர்ந்தெடுத்தது. பழைய அளவு தெரியாமல் இருந்திருந்தால், சுருங்கிய தீவையே அதன் இயல்பான அளவு என்று அடுத்த தலைமுறை நம்பியிருக்கும்.

இங்கே வேலியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. 2001-ல் யுனெஸ்கோவின் ஏற்பும் கிடைத்தது. சட்டத்தில் எல்லாம் இருந்தது. ஆனாலும் பூங்கா அறிவிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பவளம் வெட்டுவது நிற்கவில்லை. பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்ததும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பாறைகளின் அருமை கரைவாழ் மக்களுக்கு நேரடியாக உறைத்ததும் சேர்ந்துதான் அதை நிறுத்தின. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதையும் எண்ணிக்கைதான் சொல்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் எல்லாத் தீவுகளையும் சுற்றி நீருக்கடியில் அளவெடுத்து வந்தது. 2005-ல் பாறைப் பரப்பில் உயிருள்ள பவளம் நூற்றுக்கு 37 பங்கு இருந்தது. 2009-ல் அது 43 பங்கை நெருங்கியது. வெட்டுவதை நிறுத்தினால் பவளம் மீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு வந்தது வெப்பம். கடல் நீர் கோடையில் தாங்கும் அளவைக் கடந்து சூடேறும்போது, பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. பவளம் வெளுத்துப் பட்டினியில் நிற்கிறது. சூடு சில வாரங்களில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 2010-ல் இப்படி ஒரு பெரும் வெளுப்பு வந்தது. 2016-ல் வந்தது அதைவிடக் கொடியது. அந்த ஒரே ஆண்டில் உயிருள்ள பவளம் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பங்கிலிருந்து 23 பங்குக்கு விழுந்தது. இதை வெறும் துயரச் செய்தியாக விடாமல் அறிவாக மாற்றியதும் பதிவேடுதான். கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற வகைகள் முதலில் மடிந்தன. உருண்டு திரண்டு மெதுவாக வளரும் போரைட்டீஸ் வகைகள் பெரும்பாலும் தாங்கின. எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்த வகை பிழைத்தது என்ற விவரம் இருப்பதால், எந்தப் பவளத்தை எடுத்து எங்கே நட்டுப் பாறையை மீட்கலாம் என்று இன்று திட்டமிட முடிகிறது.

குருசடைக்கு நேர்ந்த இன்னொரு சோதனையும் இதையே சொல்கிறது. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த காப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பயன்படும் கராஜீனன் என்ற பொருளுக்காக 1990-களில் மண்டபம் கடலில் சோதனையாக வளர்க்கப்பட்டது. 2000-க்குப் பிறகு பாக் விரிகுடாக் கரையில் அது வணிகப் பயிராகவே பரவியது. மூங்கில் மிதவைகளில் இதை வளர்த்த மீனவப் பெண்களுக்கு மாத வருமானம் கிடைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பாசி மிதவையை விட்டு வெளியே போய்ப் பவளத்தின் மேல் படராது என்று நம்பப்பட்டது. 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடைத் தீவின் கிளைப்பவளங்களை அது போர்த்தி மூச்சுமுட்டச் செய்வதைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளிலும் அது காணப்பட்டது. ஒடிந்த சிறு துண்டிலிருந்தே மறுபடி வளரும் பாசி அது என்பதால், முளையிலேயே கண்டால்தான் பிடுங்கி எறிந்து தடுக்க முடியும். தீவை அடிக்கடி பார்க்கும் கண் இல்லாத இடத்தில் அது எப்போது வந்தது என்பதே தெரிந்திருக்காது. பாசி வளர்ப்பு வேண்டும், வேண்டாம் என்ற வழக்கில் இரு தரப்பும் கேட்க வேண்டிய சாட்சி அந்தப் பதிவேடுதான்.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். காவிரியில் மட்டுமே வாழும், முதுகில் திமில் போல உயர்ந்த மஹசீர் மீன் ஒன்று உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய அந்தப் பெருமீனை 1870-களிலேயே ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் புகழ்ந்து எழுதினார்கள். ஆனால் அது எந்த இனம் என்று அறிவியல் உறுதியாகச் சொன்னது 2018-ல்தான். டார் ரெமாதேவியே என்ற பெயர் அப்போதுதான் அதற்குச் சரியாகப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. பெயரும் மரண எச்சரிக்கையும் ஒன்றாக வந்தன. நடுவில் இருந்த ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டில் அணைகள் வந்தன, வெடிவைத்து மீன்பிடிப்பது வந்தது. நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், கிருஷ்ணா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த வேறொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். ஆற்றில் மஹசீர் பெருகியதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். பெருகியது வந்த மீன், மறைந்தது சொந்த மீன் என்று தெரியவந்தது எப்படி? கர்நாடகப் பகுதியில் இருந்த தூண்டில் முகாம்களில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களைக் குறித்து வைத்திருந்த ஏடுகளைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தபோதுதான். அரசுத் துறை எதுவும் தொடர்ந்து எண்ணிய கணக்காக அது இருக்கவில்லை. பொழுதுபோக்குக்கு வந்தவர்களின் குறிப்பேடாக இருந்தது.

குருசடையையும் காவிரியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகும். 65 ஹெக்டேர் தீவில் நண்டின் மேல் வாழும் ஒட்டுண்ணிக்குக்கூட 1927-ல் பெயரும் இடமும் எழுதப்பட்டிருந்தன. நாடே தாயாக வணங்கும் ஆற்றில், ஆள் எடைக்கு வளரும் மீனுக்கு 2018 வரை உறுதியான பெயரில்லை. தீவு இழந்ததை நம்மால் பட்டியலிட முடிகிறது. பட்டியலிட முடிவதால் மீட்க முயல்கிறோம். ஆறு இழந்தது எவ்வளவு என்று நாம் சொல்லவே முடியாது. தீவில் நின்ற அறிஞர்கள் ஆற்றில் நின்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது இதற்குக் காரணமன்று. ஓரிடத்தில் நிலையான ஆய்வுக்கூரை ஒன்று இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை.

இந்த முறை தீவுக்கும் கடலுக்கும் மட்டும்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டியதில்லை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றில் அணை கட்டியபோது, ஏரியில் மூழ்காமல் எஞ்சிய மலைமுகடு ஒன்று தீவாயிற்று. பாரோ கொலராடோ என்ற அந்தத் தீவு 1923 முதல் ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே 1980-ல் ஐம்பது ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்ப எண்ணும் பணி தொடங்கியது. வெப்பமண்டலக் காடு எப்படி வாழ்கிறது என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும் பங்கு அந்த எண்ணிக்கைக்கு உண்டு. அதே முறை 1988-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்தின் ஆர். சுகுமாரின் முன்னெடுப்பில் முதுமலையில் ஐம்பது ஹெக்டேர் காடு அளக்கப்பட்டு, யானையும் தீயும் வறட்சியும் மரங்களை என்ன செய்கின்றன என்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் ஜோசஃப் கானெல் 1960-களின் தொடக்கத்திலிருந்து அதே பவளத்திட்டுகளை முப்பது ஆண்டு படமெடுத்துவந்தார். ஒரே தீவில் ஒரு பக்கம் புயலுக்குப் பின் தேறுவதும் மறுபக்கம் தேறாமல் கிடப்பதும் அதனால் தெரிந்தது. இரண்டாண்டு, மூன்றாண்டுத் திட்டங்களில் இந்த உண்மைகள் கண்ணில் படவே படா.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைப் புறந்தள்ள முடியாது. கடல் சூடாவது உலகம் முழுவதும் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும். பாம்பனில் உட்கார்ந்து பவளத்தை எண்ணுவதால் அது தணியுமா என்பது முதல் கேள்வி. தணியாது. ஆனால் 2005-க்கும் 2009-க்கும் இடையே பவளம் பெருகியது உலகம் குளிர்ந்ததால் அன்று, உள்ளூரில் வெட்டுவது நின்றதால். உலகச் சூடு நம் கையில் இல்லாதபோது, நம் கையில் இருப்பது எது என்று பிரித்துக்காட்டுவதுதான் உள்ளூர்ப் பதிவேடு. இதே மூச்சில், செயற்கைக்கோள் இருக்கும்போது ஆள் எதற்கு என்றும் கேட்கிறார்கள். தீவின் பரப்பு சுருங்குவதைச் செயற்கைக்கோள் அருமையாகக் காட்டும். மணலுக்குள் வாழும் பலனோகிளாசஸையும், பவளக்கிளையில் அன்றைக்குத்தான் ஒட்டிய அயல்பாசித் துண்டையும், கலங்கிய ஆற்றின் அடியில் போகும் மீனின் இனத்தையும் அது காட்டாது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அது மீனவர்களுடையது. எண்ணுவது, ஆராய்வது, காப்பது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களைத் தீவுகளிலிருந்து வெளியேற்றினார்கள் என்று அவர்கள் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது. பூங்கா வந்ததும், தலைமுறைகளாகத் தீவோரம் பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறுபவர்களானார்கள். கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மூழ்கி, கையால் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் அரிந்து வரும் அந்தப் பெண்கள், பவளத்தை வெட்டியவர்களும் அல்லர், இழுவைமடியால் கடலடியைச் சுரண்டியவர்களும் அல்லர். பாம்பன் சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களை வழிநடத்திய பெண்ணுக்கு 2015-ல் தீவுகளின் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. பதிவேட்டுக்கு இவர்களைவிடத் தகுதியான கண்கள் எவை? கச்சான் காலத்தில் எந்தப் பார் கலங்கும், வாடைக் காலத்தில் எங்கே பாசி தழைக்கும் என்று அறிந்தவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக நடத்திவிட்டு, வெளியிலிருந்து வருபவர் ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கி எடுக்கும் கணக்கை மட்டும் அறிவு என்று கொள்வது அநீதி, அறிவுக்கும் நட்டம். இந்த மறுப்புக்குச் சரியான விடை எண்ணிக்கையைக் கைவிடுவது அன்று. எண்ணும் வேலையை ஊதியத்தோடும் உரிமையோடும் அவர்களிடம் பகிர்ந்துகொடுப்பது.

மூன்றாவதாக, சுற்றுலாவே போதும் என்கிறார்கள். குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறையின் படகுகள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. மக்கள் பார்த்தால்தானே நேசிப்பார்கள், நேசித்தால்தானே காப்பார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெளியூர் மாணவர்கள் பவளத்தை நேரில் காணும் வாய்ப்பை மூடிவிட வேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. ஆனால் முழங்காலளவு நீரில் இருக்கும் உயிர்கள் காலடிக்குத் தாங்காதவை. ஒரு நாளில் எத்தனை பேர், எந்த மாதத்தில், தீவின் எந்தப் பக்கத்தில் என்ற கேள்விக்குப் படகின் இருக்கைகளை எண்ணி விடை காண முடியாது. மிதிபடும் கரையையும் மிதிபடாத கரையையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு எண்ணினால்தான் அந்த விடை கிடைக்கும். இந்தக் கணக்கு எத்தகைய நெரிசலைப் பற்றியது என்பதை ஒகேனக்கலின் விடுமுறை நாள்களைப் பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு பங்கு பதிவேட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டால், பார்க்க வருபவர்களே காப்பதற்குப் பணம் தந்தவர்களாவார்கள்.

கடைசி மறுப்பு, பணமும் முன்னுரிமையும் பற்றியது. குடிநீரில் ஃபுளோரைடு, பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகும் இளைஞர்கள் என்று வாழும் ஒரு மாவட்டம், கடற்புழுவுக்கும் ஆற்றுமீனுக்கும் எதற்காகக் கவலைப்பட வேண்டும்? கேள்வி நேர்மையானது. ஆனால் ஃபுளோரைடு கதையிலேயே விடையும் இருக்கிறது. ஊர் ஊராகக் கிணற்று நீரை எடுத்து அளந்து, பல்லும் எலும்பும் கெட்டவர்களைக் கணக்கெடுத்த பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு மறுக்க முடியாத அடிப்படை கிடைத்தது. அளக்கப்படாத துன்பத்துக்கு அரசுக் கோப்பில் இடமில்லை. ஆற்றுக்கும் இந்த விதிதான். நாம் குடிக்கும் நீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறதோ அந்த ஆற்றின் உடல்நலத்தை முதலில் சொல்பவை அதில் வாழும் உயிர்கள். செலவும் பெரிதன்று. அணையோ பாலமோ கேட்கவில்லை. சில ஆய்வாளர்களின் ஊதியம், ஒரு கூரை, ஒரு படகு, இடையில் அறுந்துபோகாத உறுதி, இவ்வளவுதான். இவற்றில் கிடைப்பதற்கு அரிதாக இருப்பது கடைசியில் சொன்ன உறுதியே.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கிரேவ்லியின் குருசடைப் பட்டியலுக்கு 2027-ல் நூறாண்டு நிறைகிறது. அந்த ஆண்டை விழா எடுத்துக் கழிக்காமல், அதே தீவில், அதே உயிர் வரிசைகளை, அதே கரைகளில் திரும்ப எண்ணும் ஆண்டாகத் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம், மீன்வளத்துறை, வனத்துறை, மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவை ஒரே பட்டியலுக்கு உழைக்க இது வாய்ப்பு. நூறாண்டு இடைவெளியில் எவை நின்றன, எவை போயின, எவை புதிதாக வந்தன என்று சொல்லக்கூடிய கடற்கரைகள் வெப்பமண்டலத்தில் மிகச் சில. அவற்றில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆய்வின் எடை நெடுங்காலமாக மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் போய்விட்ட நிலையில், குருசடையில் பழைய ஆய்வு நிலையத்தின் மரபை நிலையான சிறு கள நிலையமாகப் புதுப்பிக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களும் மீனவ இளைஞர்களும் அதில் பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்களாகப் பணியமர்த்தப்பட வேண்டும். கிடைக்கும் விவரம் ஆண்டுதோறும் தமிழில், யாரும் படிக்கும்படி, வெளியிடப்பட வேண்டும். 2022-ல் பாக் விரிகுடாவில் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகத்தை 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த அரசுக்கு இது எட்டாத காரியமன்று. அந்தக் காப்பகமும் வரைபடத்தில் மட்டும் நின்றுவிடாமல் இருக்க இதே மருந்துதான் வேண்டும்.

தருமபுரிக்கும் அதே 2022-ல் ஒன்று கிடைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை ஆகியவை அந்த அறிவிப்பின் காரணங்களில் அடக்கம். எல்லை வந்துவிட்டது, பதிவேடு வர வேண்டும். காட்டில் யானைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஆற்றுக்குள்ளும் அதுபோல ஒன்று நடக்க வேண்டும். ஒகேனக்கலுக்கு மேலும் கீழும் பாறைத்திட்டுகளும் மடுக்களும் கொண்ட சில இடங்களைக் குறித்துக்கொண்டு, கோடையிலும் வெள்ளம் வடிந்த பிறகும், ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே முறையில் மீனையும் ஆமையையும் நீர்நாயையும் நீரின் தன்மையையும் பதிய வேண்டும். திமில் மஹசீர் இந்தப் பகுதியில் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்ற கேள்வியே அதன் முதல் வேலையாக இருக்கலாம். மேட்டூர் அணையிலிருந்து ஏறிவரும் அயல்மீன்கள் எவ்வளவு என்பது இரண்டாவதாக இருக்கலாம். பரிசல் ஓட்டுபவர்களுக்கும் ஊட்டமலை மீனவர்களுக்கும் எந்த மடுவில் எது கிடக்கும் என்று தெரியும். மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களுக்குக் கைகளும் நேரமும் இருக்கின்றன. வனத்துறைக்கு அதிகாரம் இருக்கிறது. இம்மூன்றும் ஒரே ஏட்டில் கையெழுத்திடும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய முடியும்.

பதிவேடு எடுத்த எல்லாம் பிழைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. குருசடையிலும் 1927-ல் எழுதப்பட்டவை சில இன்று கிடைக்காமல் போயிருக்கக்கூடும். ஆனால் எழுதிய இடத்தில் இழப்புக்குத் தேதி இருக்கும், காரணத்தைத் தேட வழி இருக்கும், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று கேட்க முடியும். எழுதாத இடத்தில் இழப்பு நடந்ததே தெரியாது; கேட்பவரும் இல்லை, பதில் சொல்பவரும் இல்லை. அரசுகள் மாறும், திட்டங்களின் பெயர் மாறும், நிதியாண்டு முடிந்ததும் ஆய்வுகள் முடிந்துபோகும். இவற்றையெல்லாம் கடந்து நிற்கும் ஏடு ஒன்றைத் தொடங்கி வைப்பது, பின்வரும் தலைமுறைக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான கடமை. நூறாண்டுக்கு முன், கடலில் ஒரு சிறு தீவுக்கு அதைச் செய்தவர்களின் உழைப்பை இன்றுவரை நாம் பயன்படுத்துகிறோம். நம் ஆற்றுக்கு அதைச் செய்ய இன்னொரு நூறாண்டு காத்திருக்க முடியாது. 2027-ல் குருசடையில் மறு எண்ணிக்கை தொடங்கும் அதே ஆண்டில் ஒகேனக்கலில் முதல் எண்ணிக்கையும் தொடங்க வேண்டும். அதற்கான ஆணையைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, காவிரி நீரைக் குடிக்கும் தருமபுரி மக்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் உரியது.